நால்வர் சுமந்த படுக்கை

தியானப் பகுதி: மாற்கு 2:1-12



கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்தார்கள். அவர்கள் கூரையைத் திறந்ததை நாம் அடிக்கடி தியானிக்கிறோம். சுமந்து வந்த வழியை மறந்துவிடுகிறோம். கர்த்தர் கண்ட விசுவாசம் அவர்களுடைய தோள்களிலும் இருந்தது.

நமது பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அவ்வாறு சுமக்கப்பட வேண்டியவர்கள் இன்றும் உண்டு. திருச்சி-சென்னை நெடுஞ்சாலையிலும், சிமெண்ட் லாரிகள் ஓடும் சாலைகளிலும் விபத்துக்குள்ளாகிக் கால் முறிந்தவர்கள். பக்கவாதத்தால் ஒரு கை, ஒரு கால் செயலிழந்தவர்கள். அவர்கள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுக்கிறோம். அவர்களுடைய நீண்ட போராட்டமோ அன்றுதான் தொடங்குகிறது.

முறிந்த எலும்பு கூடினாலும், மடக்கி நீட்டாத மூட்டு இறுகிப்போகும். பக்கவாதத்தில் இழந்த அசைவை, திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியினால் மூளை மீண்டும் கற்கிறது. முதல் சில மாதங்களே அதற்கு மிகவும் ஏற்ற காலம். ஆகவேதான் பிசியோதெரபிக்குத் தவறாமல் வரும்படி மருத்துவர் சொல்லுகிறார். ஆனால் வேப்பந்தட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெரம்பலூருக்கோ, செந்துறைப் பக்கத்திலிருந்து அரியலூருக்கோ ஒவ்வொரு முறையும் பேருந்தேறி வர வேண்டும். உடன் வருகிறவர் அன்றைய கூலியை இழக்க வேண்டும். சில வாரங்களில் பலர் நின்றுவிடுகிறார்கள்.

ஜெபித்த பின்பும் பயிற்சியைத் தொடருவது அவிசுவாசம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. நாகமான் யோர்தானில் ஏழு முறை மூழ்கினான். ஒரே முறையில் சுகமாக்க வல்லவரே ஏழு முறை மூழ்கச் சொன்னார். ஆறாம் முறையோடு அவன் கரையேறியிருந்தால் என்னவாகியிருக்கும்?

வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸை நினைத்துப் பாருங்கள். 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் அவருடைய கால்கள் செயலிழந்தன, மீண்டும் நடக்கவில்லை. ஆயினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, 1963-இல் சிஎம்சியில் அத்துறைக்குத் தலைமையேற்றார். இழந்ததெல்லாம் திரும்பாவிட்டாலும், எஞ்சிய பெலனைக் கொண்டு வாழப் பழகுவதும் தேவன் அருளும் சுகமே.

பிரியமானவர்களே, நம்முடைய விசாரிப்பு முதல் வாரத்தோடு முடிந்துவிடலாகாது. சிகிச்சை பெறும் ஒவ்வொருவருக்கும் சபையில் நான்கு பேர் முன்வரட்டும். ஒருவர் பேருந்தில் உடன் செல்லட்டும். ஒருவர் ஆடுமாடுகளைப் பார்த்துக்கொள்ளட்டும். ஒருவர் பயணச் செலவைத் தாங்கட்டும். ஒருவர் மாலையில் அருகில் அமர்ந்து பயிற்சியைச் செய்யவைத்து ஜெபிக்கட்டும். பயணமே செய்ய இயலாதவர்களுக்கு, 2021-இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை உண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துச் சொல்லுங்கள்.

நம் தெருவில் இன்று எவருடைய படுக்கை தூக்குவாரின்றிக் கிடக்கிறது? அதன் ஒரு முனையைப் பிடிக்கக் கர்த்தர் தாமே உங்களைப் பெலப்படுத்துவாராக. ஆமென்.