‘லாவ்’ என்பது வெறும் காடு அன்று

மேகாலயத்தின் காசி மலைகளுக்குச் செல்லும் மாணவர் குழுக்களின் பயணத் திட்டங்கள் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. முதல் நாள் மாவ்ஃப்லாங் கோயிற்காடு. அடுத்த நாள் சிரபுஞ்சி எனப் பலரும் அறிந்த சோராவின் அருவிகள். பிறகு ஆயிரக்கணக்கான படிகள் இறங்கி நோங்ரியாட்டின் வேர்ப்பாலம். திரும்பியபின் எழுதும் குறிப்புகளில் பசுமையும் மூடுபனியும் அருவியின் உயரமும் தவறாமல் இடம்பெறும். அந்தக் காட்டை அங்கு வாழ்வோர் என்ன பெயரிட்டு அழைக்கின்றனர் என்பது மட்டும் இராது. மொழியியலும் சூழலியலும் பயில்வோரின் குறிப்புகளும் இதற்கு விலக்கல்ல.

காசி மொழியில் காடு ‘லாவ்’. ஆனால் அச்சொல்லை அடுத்து வருவதே முதன்மையானது. ‘லாவ் ஷ்னோங்’ என்பது ஊர்ப் பொதுக்காடு. ‘லாவ் அடோங்’ என்பது விலக்கப்பட்ட காடு. அங்கு விருப்பம்போல் மரம் வெட்ட முடியாது. ‘லாவ் லிங்டோ’ பூசாரிக் குலத்தின் பொறுப்பிலுள்ளது. ‘லாவ் கின்டாங்’ தெய்வத்திற்கு உரியது. இவை தாவரவியல் வகைப்பாடுகள் அல்ல. ஒரு காடு யாருடையது, எதை எடுக்கலாம், யாரிடம் கேட்க வேண்டும் என்பவற்றைப் பெயரே உணர்த்திவிடுகிறது. மேகாலயத்தில் காடுகளின் பெரும்பகுதி வனத்துறையிடம் இல்லை. குலங்களிடமும் ஊர்ச் சமூகங்களிடமுமே உள்ளது. அரசிதழும் எல்லைக்கல்லும் பிற மாநிலங்களில் செய்யும் பணியை இங்குப் பெருமளவு சொற்களே செய்துவந்துள்ளன. அனைத்தையும் ‘வனம்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கும் பயணி அச்சட்டத்தைப் படிக்காமலே உள்ளே நுழைகிறார்.

மாவ்ஃப்லாங்கில் மட்டும் அவ்வாறு நுழைய இயலாது. சுற்றிலும் புல்வெளி, நடுவே 80 எக்டேர்கூட இல்லாத ஓர் அடர்காடு. பாசி படர்ந்த மரங்கள், ஆர்க்கிட்டுகள், பழைய நடுகற்கள். உள்ளூர் வழிகாட்டியுடன்தான் செல்ல வேண்டும். உதிர்ந்த ஓர் இலையைக்கூட வெளியே கொண்டுவரலாகாது. இவ்விதியைக் கேட்டுச் சிரிப்போரும் உண்டு. ஆனால் சுற்றியுள்ள மேடுகள் புல்லாக நிற்க, இக்காடு மட்டும் காடாக நிற்பதற்கு அந்த விதியே காரணம்.

அருவிகளின் நிலை வேறு. ஏறத்தாழ 340 மீட்டர் வீழும் நோகாலிகாயின் பெயரில் ஒரு முழு வாக்கியமே உறைந்துள்ளது. ‘நோ’ என்றால் பாய்தல். ‘கா’ பெண்பால் குறிக்கும் சொல். லிகாய் ஒரு தாயின் பெயர். தன் மகளுக்கு நேர்ந்த கொடுமையை அறிந்து அவள் பாறை விளிம்பிலிருந்து பாய்ந்தாள் என்பது மரபுக்கதை. அந்தக் ‘கா’வைக் கேளாத செவிக்கு அங்கு ஒரு பெண் இருந்ததே தெரியாது. நோஸ்ங்கிதியாங் அருவியோ ‘செவன் சிஸ்டர்ஸ்’ ஆகிவிட்டது. நோங்ரியாட்டுக்கு அப்பால் உள்ளது ‘ரெயின்போ’. பெயர் மாறினால் நீர் குறைந்துவிடுமா என்று கேட்கலாம். குறையாது. ஊர்மக்களும் பிழைப்புக்காக இப்பெயர்களைச் சொல்கின்றனர். அதில் அவர்கள் பிழை ஏதுமில்லை. ஆனால் எங்கும் ஒட்டக்கூடிய பெயர் எந்த இடத்தையும் பற்றி எதுவும் சொல்வதில்லை.

நீர் உண்மையாகவே குறைவது வேறொரு காரணத்தால். உலகின் மிக மழை மிகுந்த இடங்களுள் ஒன்றான சோராவில் குளிர்காலத்தில் குடிநீருக்குத் தட்டுப்பாடு. மழை ஏறத்தாழ முழுவதும் பருவகாலத்தில் கொட்டி ஓடிவிடுகிறது. காடிழந்த மேட்டுநிலத்தில் அதைப் பிடித்துவைக்க மண்ணும் இல்லை. பிப்ரவரியில் செல்வோர் மெலிந்த அருவியைக் கண்டு ஏமாற்றம் அடைகின்றனர். காட்டைப் பற்றிக் கேட்பதில்லை.

செய்யக்கூடியவை எளியவை. காசி மொழி உரோமன் எழுத்தில் எழுதப்படுவதால், பெயர்ப்பலகையில் உள்ளூர்ப் பெயரையும் பொருளையும் சேர்க்க எழுத்துத் தடைகூட இல்லை. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளுள் காசி இல்லை என்பது பலகை எழுதாமைக்குக் காரணமாகாது. துறைகள் கேட்கும் களப்பயண அறிக்கையில், நடந்த ஒவ்வொரு காட்டுக்கும் அருவிக்கும் ஊர்ப்பெயரும் உரிமையாளரும் குறிக்கப்பட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தாலே போதும். அதற்கு வழிகாட்டியுடன் அரைநாள் அமர்ந்து பேச வேண்டியிருக்கும். அவருக்கு அரைநாள் கூலியும் தர வேண்டும். பயணத் திட்டத்தில் ஒரு காட்சிமுனை குறையும். குறையட்டும்.