வெடிச்சாலைப் பெண்டிரும் நியாயஸ்தலமும்

சாத்தூரையடுத்த அச்சங்குளத்தில், 2021-ம் வருஷம் பிப்ரவரி 12-ந் தேதி பட்டாசுச் சாலையொன்று வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவருள் ஸ்திரீகள் பலர். அதனை யாவரும் விபத்தென்றனர். அச்சொல்லைக் குறித்தே நாம் சில கூற விழைகின்றோம்.

மழையும் இடியும் போலத் தானே வந்து நேர்வதன்றோ விபத்து? அச்சாலையிலோ உரிமம் பெற்றவர் ஒருவர். அறைகளை உள்குத்தகைக்குப் பெற்று வேலை நடத்தியோர் வேறு பலர். ஓர் அறையில் 4 பேருக்கு மேல் இருத்தலாகாதென்பது விதி. கூலியோ செய்த உருப்படியின் கணக்கு. ஆகவே பண்டிகை நெருங்க நெருங்க நம் ஜில்லாவின் சாலைகள் பலவற்றில் ஆட்கள் மிகுவர். அறையில் இடமின்றி மரத்தடியிலும் மருந்து செலுத்துவர். இதனை அறியாதார் இவ்வட்டாரத்தில் எவருமிலர்.

சட்டம் யாது கூறுகின்றது? வெடிமருந்தை அஜாக்கிரதையாய்க் கையாண்டோர்க்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 286-ம் பிரிவு விதித்தது அதிகபக்ஷம் 6 மாதச் சிறை, அல்லது 1,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை முதல் அமுலுக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவில் அபராதம் 5,000 ஆயிற்று. சிறைவாசம் அதே 6 மாதந்தான். அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தோர்க்கு 2 வருஷமென்றிருந்தது 5 வருஷமாய் உயர்ந்தமை ஓரளவு ஆறுதலே.

1884-ம் வருஷத்து வெடிபொருட் சட்டமோ, விதியையும் உரிம நிபந்தனையையும் மீறி வெடிபொருள் செய்வோர்க்கு 3 வருஷம் வரை சிறை விதிக்கின்றது. வீட்டுத் திண்ணையில் கருந்திரி திரிக்கும் ஏழைப் பெண்ணுக்கும், அறைகளை உள்குத்தகைக்கு விடும் முதலாளிக்கும் அச்சட்டம் ஒன்றே. ஆயினும் போலீஸாரின் கைக்கு எளிதில் அகப்படுபவர் இவ்விருவருள் யாரென்று நேயர்களே கூறுக. திண்ணைக்குக் காவற்காரனும் இல்லை, வக்கீலும் இல்லை.

அச்சங்குளத்தில் மாண்டோரின் வாரிசுகட்குத் தலைக்கு 20 லக்ஷம் ரூபாய் அளிக்குமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2021-ல் உத்தரவிட்டது. நன்றே. ஆனால் அது ஈடு, தண்டனையன்று. தண்டனைக்குச் சாக்ஷி வேண்டும். தீக்குத் தப்பிய பெண்ணே முதற் சாக்ஷி. அவளோ காயம் ஆறியதும் மறுபடி இத்தொழிலுக்கே கூலிக்குச் செல்ல வேண்டியவள். வருஷங்கள் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர்க் கூண்டில் ஏறி நின்று, சோறிட்டவர்களுக்கு விரோதமாய் அவள் வாய் திறப்பாளென எதிர்பார்த்தல் கொடுமையாகும்.

ஆகலின், வெடித்த சில தினங்களுக்குள்ளாகவே மாஜிஸ்திரேட் ஆஸ்பத்திரிக்குச் சென்று, உயிர் பிழைத்த பெண்களின் வாக்குமூலத்தைத் தாமே பதிதல் வேண்டும். உள்குத்தகை கண்டவிடத்து, அதனை அஜாக்கிரதையென எழுதாது, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமெனவே போலீஸார் பதிதல் வேண்டும். சிற்சில வழக்குகளில் அவ்வாறு பதிந்தும் உள்ளனர். எல்லா வழக்கிலும் ஏன் ஆகாது?