டிரைவிங் டெஸ்டுக்கு எதற்கு மூச்சுப் பயிற்சி?

டிரைவிங் டெஸ்டுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று தாம்பரம் வட்டாரத்தில் யாராவது வாய் திறந்தால் போதும், அறிவுரைகள் வரிசை கட்டி வந்துவிடும். முதல் நாள் ராத்திரி நன்றாகத் தூங்கு. காலையில் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். மூச்சை இழுத்து நான்கு எண்ணி விடு. பிரேக் இன்ஸ்பெக்டர் முகத்தையே பார்க்காதே. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மகா மந்திரம்: "டென்ஷன் ஆகாதே!" அப்படிச் சொன்ன மாத்திரத்தில் டென்ஷன் இறங்கிப்போன மனிதரை இந்த உலகம் இன்னும் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த அறிவுரைகளில் கெடுதல் ஒன்றும் இல்லை. தூக்கம் நல்லதுதான், இட்லியும் நல்லதுதான். ஆனால் இவை எல்லாமே ஓர் அனுமானத்தின் மேல் நிற்கின்றன. வண்டி ஓட்ட நன்றாகத் தெரிந்த ஒருவர் வெறும் மனக்கோளாறால்தான் திடலில் தடுமாறுகிறார் என்ற அனுமானம். பெரும்பாலானவர்கள் விஷயத்தில் நடப்பது நேர் எதிர். கால் நடுங்குகிறது என்றால் அந்தக் காலுக்கு கிளட்ச் இன்னும் பழகவில்லை. வாய் "கத்துக்கிட்டேன்" என்கிறது, வயிறு "எங்கே?" என்று கேட்கிறது. வயிறு கேட்பது நியாயமான கேள்வி. அதை அடக்கி உட்கார வைப்பதற்குப் பெயர் மனத் தயாரிப்பாம்!

கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளுக்கு ஒரு பாடத்திட்டமே போட்டு வைத்திருக்கின்றன. சொந்த உபயோக வண்டி ஓட்டக் கற்பவருக்குப் பயிற்சிக் காலம் 21 நாளுக்குக் குறையக் கூடாது. அதில் ஸ்டியரிங்கைப் பிடித்து நிஜமாகவே ஓட்டும் நேரம் 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. பின் சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த நேரம் இதில் சேராது.

இனி நடைமுறை. காலை ஆறரை மணிக்கு சிட்லபாக்கத்திலோ செம்பாக்கத்திலோ "எல்" போர்டு மாட்டிய ஒரு சின்னக் கார் வந்து நிற்கும். உள்ளே ஏற்கெனவே மூன்று பேர். அரை மணி நேர கிளாஸ் என்று பெயர். ஒருவர் ஓட்ட, மற்றவர்கள் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, முறை வரும்போது ஆளுக்குப் பத்து, பன்னிரண்டு நிமிஷம் கிடைத்தால் பெரிது. பன்னிரண்டு என்றே வைத்துக்கொள்வோம். இருபது நாளுக்கு எவ்வளவு? நான்கு மணி நேரம். சட்டம் கேட்பதில் பாதிகூட இல்லை. அந்த நான்கிலும் கிளட்சும் பிரேக்கும் பாதி நேரம் மாஸ்டர் காலடியில். மாஸ்டர் பக்கத்தில் இன்னொரு செட் பெடல் வைத்திருப்பது ஆபத்து சமயத்துக்கு. "நீங்க ஸ்டியரிங்கை மட்டும் பாருங்க மேடம், மத்ததை நான் பாத்துக்கறேன்" என்பதற்கு அல்ல. ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகளும் இருக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்களைத் தேடிப் போவதில்லை. எங்கே ரேட் கம்மி, எங்கே சீக்கிரம் லைசென்ஸ் என்று கேட்டுத்தான் மக்கள் போகிறார்கள்.

2024இல் கேரள அரசு லைசென்ஸ் சோதனையைக் கடுமையாக்கப் புறப்பட்டபோது, இரட்டைப் பெடல் வண்டியில் சோதனை நடத்தக் கூடாது என்பதையும் புதிய நிபந்தனைகளில் ஒன்றாக வைத்தது. பயிற்சிப் பள்ளிகள் சோதனைகளையே புறக்கணித்துப் போராட்டத்தில் இறங்கின. அவர்களுக்கு வேறு மனக்குறைகளும் இருந்தன, ஒரு நாளைக்கு இத்தனை பேருக்குத்தான் சோதனை என்ற உச்சவரம்பு உட்பட. இருந்தாலும் இந்த ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: சோதனை நேரத்தில் மாஸ்டர் கால் எதற்கு?

கிளட்ச் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். திடலில் நடக்கும் அவமானங்களில் முக்கால்வாசி அங்கேதான் பிறக்கிறது. எஞ்சின் ஒரு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது, சக்கரம் சும்மா நிற்கிறது. பெடலை மெல்ல விடும்போது ஏதோ ஓர் இடத்தில் இரண்டும் கைகோக்கும். அதைத்தான் ஹாஃப் கிளட்ச் என்கிறார்கள். அந்த இடம் பெடலின் மொத்தப் பயணத்தில் ஒரு சின்னத் துண்டு. அதுவும் வண்டிக்கு வண்டி மாறும். பள்ளிக்கூடத்து வண்டியில் மேலே இருக்கும், மாமா வீட்டு வண்டியில் கீழே இருக்கும். பயம் வந்தால் கெண்டைக்கால் தசை இறுகும். இறுகிய கால் மெல்ல விடாது, விட்டால் ஒரேயடியாக விடும். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி ஆஃப் ஆகிவிடும். பின்னால் நிற்கும் வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு. இதில் பயம் பாதிக் காரணம் என்பது வாஸ்தவம். ஆனால் ஆயிரம் தடவை அந்த இடத்தைத் தொட்ட காலுக்குப் பயத்திலும் அது தெரியும். நாற்பது தடவை தொட்ட காலுக்கு நிம்மதியிலும் தெரியாது. இரு சக்கர வண்டியில் எட்டுப் போடுவதும் இதே கதைதான். பழகாதவர் கண் முன்சக்கரத்தையே பார்க்கும். பார்வை போன பக்கம்தான் வண்டியும் போகும். கால் தரையில் ஊன்றும். அங்கே போய் நான்கு எண்ணி மூச்சு விட்டு என்ன பிரயோசனம்?

சோதனை உண்மையில் எதைக் கேட்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் எழுதியிருக்கிறது, 15ஆம் விதியில். கண்ணாடியைச் சரிசெய்வது, ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி கிளப்புவது, கை சிக்னலும் விளக்கு சிக்னலும் காட்டுவது, குறுகலான இடத்தில் ரிவர்ஸ் எடுப்பது, பாதசாரிகள் கடக்கும் இடத்தில் முறையாக நடந்துகொள்வது என்று நீளமான பட்டியல். ஒருவர் நிஜமாகவே இதற்குத் தயாராக வேண்டுமானால் தென்சென்னைப் புறநகரைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் கிடையாது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. மேம்பாலத்தில் சாயங்கால நெரிசலில் ஏற்றத்தில் நின்று, பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும் பைக்கின் மேல் உருளாமல் கிளம்பத் தெரிந்தவருக்கு, எந்தத் திடலும் விளையாட்டு மைதானம்தான். இரும்புலியூரில் பைபாஸ் வண்டிகளும் ஜி.எஸ்.டி. சாலை வண்டிகளும் கலக்கும் இடத்தில் ஒரு தடவை லேன் மாறியவருக்கு, இன்ஸ்பெக்டர் பக்கத்து சீட்டில் உட்காருவது பெரிய சம்பவமாகத் தோன்றாது. இதையெல்லாம் விட்டுவிட்டு ஆளில்லாத லே-அவுட் தெருவில் இரண்டாவது கியரிலேயே இருபது நாள் சுற்றினால், பயம் வராமல் என்ன வரும்?

"நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள்கூட அன்றைக்குச் சொதப்புகிறார்களே?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. உண்டு, அப்படிச் சிலர் உண்டு. யோசிக்காமல் செய்ய வேண்டிய வேலையை, யாரோ பார்க்கிறார்கள் என்றதும் ஒவ்வொரு அசைவாக யோசித்துச் செய்யப் போய்க் கெடுப்பவர்கள். இவர்களுக்கும் மருந்து கண்ணை மூடிக்கொண்டு கிடைப்பதில்லை. சியான் பெய்லாக், தாமஸ் கார் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2001இல் கோல்ஃப் பந்து தள்ளுவதை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பயிற்சியின்போதே வீடியோ எடுக்கப்பட்டவர்கள், அதாவது பிறர் கண் தங்கள் மேல் இருப்பதற்குப் பழகிக்கொண்டே கற்றவர்கள், பின்னால் நெருக்கடி வந்தபோது சொதப்பவில்லை. தனியாகப் பழகியவர்கள் சொதப்பினார்கள். அதனால் சோதனைக்கு முந்தைய வாரம் செய்ய வேண்டியது, வாயே திறக்காத, முகத்தில் ஈயாடாத ஒரு சித்தப்பாவையோ பக்கத்து வீட்டு சாரையோ லைசென்ஸோடு பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டுவது. கையில் நோட்டும் பேனாவும் கொடுத்துவிட்டால் இன்னும் விசேஷம்.

இன்னொரு வகை அமைதியும் இருக்கிறது. எந்த ஊர் திடலானாலும் சரி, அங்கே மிகவும் சாந்தமாக நிற்கும் முகத்தைப் பார்த்தால் தியானம் கற்ற முகமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. "எல்லாம் பேசியாச்சு" என்ற முகமாகவும் இருக்கலாம். டெல்லியில் 822 விண்ணப்பதாரர்களை வைத்து மரியான் பெர்ட்ரண்ட், சிமியோன் ஜான்கோவ், ரெமா ஹன்னா, செந்தில் முல்லைநாதன் ஆகிய நால்வர் செய்த ஆய்வு 2007இல் வெளியானது. (முல்லைநாதன் தமிழ்நாட்டில் பிறந்தவர் என்பது ஓர் உபரித் தகவல்.) சீக்கிரம் லைசென்ஸ் வாங்கினால் பரிசு என்று ஒரு குழுவுக்குச் சொன்னார்கள், இன்னொரு குழுவுக்கு இலவசமாக ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். பரிசுக் குழுவில் அதிகம் பேர் புரோக்கர் வழியே பணம் கொடுத்து, ஓட்டத் தெரியாமலே லைசென்ஸ் வாங்கினார்கள். புரோக்கர்களால் வயது, முகவரி நிபந்தனைகளைத் தாண்ட முடியவில்லை. ஓட்டும் சோதனையைத் தாண்ட முடிந்தது! எதைத் தாண்டக் கூடாதோ சரியாக அதை. சொந்தமாகப் போய் நின்றவர்கள் ஓட்டும் திறமைக்குச் சம்பந்தமில்லாமல் தோற்கடிக்கப்படுவதையும் அவர்கள் பதிவு செய்தார்கள்.

இங்கேதான் "டென்ஷன் ஆகாதே" உபதேசம் வெறும் அசட்டுத்தனம் என்ற நிலையைத் தாண்டி, ஏமாற்று வேலை ஆகிறது. சொல்லிக்கொடுக்காத பள்ளியின் குற்றமும், சீரில்லாத சோதனையின் குற்றமும், கற்பவரின் "மனபலம் போதாது" என்ற ஒரு வாக்கியத்தில் மறைந்துவிடுகின்றன. காசும் கொடுத்து, குற்றவாளியும் ஆகிறார் அந்த ஆள்.

இதில் அதிகம் அடிபடுவது பெண்கள். வண்டி ஆஃப் ஆனது ஆணுடையது என்றால் "கிளட்ச் சரியில்லை". பெண்ணுடையது என்றால் "பயந்த சுபாவம்". அப்புறம் எப்படியோ லைசென்ஸ் வந்து பீரோவுக்குள் போய்விடும். கார் கவர் போட்டு வாசலில் நிற்கும். அந்த அம்மாள் தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோவில் போவார். பத்து வருஷம் கழித்துக் கேட்டாலும் "எனக்கு அந்த தைரியம் கிடையாதுப்பா" என்றுதான் பதில் வரும். ஆறு மணி நேரத்தை அவரிடமிருந்து யாரோ திருடிக்கொண்டார்கள் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது.

கவர் போட்டு நிற்பதாவது யாரையும் இடிக்காது. துணிந்து எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் கதை வேறு. 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். எல்லாவற்றுக்கும் புது ஓட்டுநர்கள்தான் காரணம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. சாலை, வேகம், குடி, ஹெல்மெட் என்று பல உண்டு. ஆனாலும் பெருங்களத்தூரில் பண்டிகை ராத்திரி நெரிசலில் பஸ்ஸிலிருந்து இறங்கி குறுக்கே ஓடும் குடும்பத்துக்கு முன்னால், நான்கு மணி நேரப் பயிற்சியோடு ஒருவர் வருகிறார் என்பது சின்ன விஷயமா? பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் புது வண்டிக்குப் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். பக்தியைக் குறை சொல்வதற்கில்லை. முனீஸ்வரரும் பிரேக்கை மிதிக்கச் சொல்லித்தான் தருவார், தானே மிதிக்க மாட்டார்.

பிரிட்டனில் ஒருவர் தேர்ச்சி பெறச் சராசரியாக 45 மணி நேர வகுப்பும், அதற்கு மேல் 22 மணி நேரச் சொந்தப் பயிற்சியும் தேவைப்படுகிறது என்று அங்குள்ள சோதனைத் துறையே சொல்கிறது. சோதனை சுமார் 40 நிமிஷம், ஊர்ச் சாலையில். அங்கும் ஏறக்குறைய பாதிப் பேர் தோற்கிறார்கள், அங்கும் பதற்றம் உண்டு. அது வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று தள்ளுபவர்களுக்கு டெல்லியிலேயே பதில் இருக்கிறது. 2021இல் மத்திய அரசு அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையங்களுக்கு விதி கொண்டுவந்தது. கார் ஓட்டக் கற்பவருக்கு 29 மணி நேரப் பயிற்சி, அதில் 21 மணி நேரம் செய்முறை. அதை முடித்துத் தேறியவருக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஓட்டிக் காட்டுவதிலிருந்தே விலக்கு! 21 மணி நேரம் ஒழுங்காக ஓட்டியவருக்குத் திடலே வேண்டாம் என்கிற அளவுக்கு அரசாங்கமே பயிற்சியை நம்புகிறது. இட்லி எண்ணிக்கையைப் பற்றி அந்த விதியில் ஒன்றும் இல்லை :-)

பள்ளியில் சேரும்போது கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "எனக்கு எத்தனை மணி நேரம் ஸ்டியரிங்?" எழுதி வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது. தினம் எத்தனை நிமிஷம் ஓட்டினார் என்று கற்பவரே ஒரு டைரியில் குறித்து வந்தால், பத்தாவது நாள் மாஸ்டரிடம் பேச ஒரு கணக்கு இருக்கும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் ஆனதுமே சோதனைக்கு ஓட வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. தோற்றாலும் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். "எல்" போர்டு மாட்டி, லைசென்ஸ் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேம்ப் ரோடிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், கௌரிவாக்கம் வழியாக மேடவாக்கம் வரை போய்த் திரும்பி வர, நெரிசல் நேரமாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஏழு நாளில் ஏழு தடவை.