வெயிலும் காற்றும் வயலுக்குப் போதும்

பயிர்ப் பண்ணைக்குச் சூரிய மின்சாரமும் காற்று மின்சாரமும் ஒத்துவராது என்ற பேச்சு தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. இரவில் ஓடாது, நிலத்தை அடைத்துக்கொள்ளும், காற்றை நம்ப முடியாது, இலவச மின்சாரம் இருக்கையில் தேவையே இல்லை என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன.

முதல் காரணம் பண்ணை வேலையைக் கவனியாமல் சொல்லப்படுவது. கிணற்றுப் பாசனப் பண்ணையில் மின்சாரம் பெரும்பாலும் நீர் இறைக்கவே செலவாகிறது. பயிர் மிகுதியாகத் தண்ணீர் கேட்பது வெயில் கொளுத்தும் நாளில். தகடுகள் நன்றாக உழைப்பதும் அன்றுதான். மேகம் கவியும் ஐப்பசி, கார்த்திகையில் பெரும்பாலும் மழையே பாசனத்தைப் பார்த்துக்கொள்கிறது. இரவுக்கென விலையுயர்ந்த பேட்டரியும் வேண்டாம். பகலில் இறைத்து மேட்டுத் தொட்டியில் நிரப்பிய தண்ணீர், மடையைத் திறந்தால் மோட்டார் இல்லாமலே வாய்க்காலில் இறங்கும்.

நிலக் கணக்கு இன்னும் எளியது. 5 குதிரைத்திறன் மோட்டாருக்குச் சுமார் 5 கிலோவாட் தகடுகள் போதும். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்று தாராளமாக வைத்தாலும் 500 சதுர அடி; ஒரு சென்ட்டுக்குச் சற்றே கூடுதல். ஏக்கருக்கு 100 சென்ட். கிணற்றடித் தரிசே இதற்குப் போதும்.

காற்றைப் பற்றிய குறையில் பாதி உண்மை. காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும். காற்று தளர்ந்த ஊரில் தோட்டத்துக்கொரு சிறு காற்றாலை நடுவது வீண் செலவே. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களின் முகப்பில் நிலைமை வேறு. தென்மேற்குப் பருவத்தில் அங்கே இரவிலும் காற்று வீசும். பெரிய காற்றாலைகள் மின்கம்பிக்குத் தரும் மின்சாரமே பம்புசெட்டுக்கும் வருகிறது. முப்பந்தல் பகுதியில் காற்றாலைகளுக்கு இடையே வாழையும் தென்னையும் விளைகின்றன.

இலவச மின்சாரம் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் உரியது. ஆனால் இணைப்பு கிடைத்தவருக்கே அது பயன். புதிய இணைப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் பலர். மும்முனை மின்சாரம் இரவில் வந்தால், பாம்புக்கு அஞ்சியபடி இருட்டில் மடை திருப்ப வேண்டியிருக்கிறது. இவர்களுக்குப் பகல் வெயிலில் ஓடும் மோட்டார் பெரும் விடுதலை. 2019இல் தொடங்கிய பிஎம்-குசும் திட்டத்தில், 7.5 குதிரைத்திறன் வரையிலான தனிச் சூரிய பம்புக்கு, அரசு வகுத்த அடிப்படை விலையில் மத்திய அரசு 30 சதவீதம் மானியம் தருகிறது. மாநிலப் பங்கு வேறு.

வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. செலவின்றி ஓடும் பம்பு நிலத்தடி நீரை அளவின்றி உறிஞ்சும். ஆழ்துளைக் கிணறுகள் வற்றிவரும் ஊரில், சொட்டுநீர்ப் பாசனம் இல்லாமல் சூரிய பம்பு கொடுப்பது தவறு.