கைராசி சரியில்லையாம்!

நம்ம ஊரில் எதை விற்றாலும் விற்றவர் கையில் கடைசியாக ஒரு துருப்புச்சீட்டு இருக்கும். நாற்று விற்கிறவரிடம் இருக்கும் சீட்டு, கைராசி. "நாத்து நல்ல நாத்துதான்க்கா. உங்க கைராசி எப்படியோ..." அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. பில் எங்கே என்று கேட்க முடியாது, கொடுத்தால்தானே. வேறு நாற்று கேட்க முடியாது. இருபது ரூபாய்ச் செடி செத்ததற்கு என் உள்ளங்கை ரேகைதான் காரணம் என்று தீர்ப்பு வந்தாகிவிட்டது. அப்பீலுக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

நான் மதுரையில் ஒரு வாடகை வீட்டு மொட்டை மாடியில் தக்காளி போடுகிறவள். இந்த ஆசை 2023 ஜூலையில் பிறந்தது. ஞாபகம் இருக்கிறதா அந்த ஜூலை? கிலோ நூறைத் தாண்டி இருநூறை நோக்கி ஓடியது. சென்னையில் ரேஷன் கடையிலேயே கிலோ 60 ரூபாய்க்கு அரசாங்கம் தக்காளி விற்றது. புளியை மட்டும் நம்பி ரசம் வைத்தோம். அதே தக்காளியை வேறொரு மாதத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று விவசாயி ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிறார். அந்த வீடியோவையும் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு விரலால் தள்ளிவிடுகிறோம். இந்த இரண்டு கூத்துக்கும் நடுவில் மாட்டாமல், மாடியில் நாலு செடி வைத்து வீட்டுச் சட்னிக்கு ஆகிற அளவு பறித்தால் போதும் என்று நினைத்தேன். இது பேராசையா, நீங்களே சொல்லுங்கள்.

முதல் குழப்பமே எப்போது நடுவது என்பதில்தான். விதைப் பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் "வசந்த காலத்தில் விதைக்கவும்" என்று போட்டிருக்கிறது. யாருடைய வசந்தம்? வீடியோவில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, பாவம் நல்ல மனிதர், "கடைசி உறைபனி முடிந்ததும் நாற்றை வெளியே எடுத்து வையுங்கள்" என்கிறார். மதுரையில் உறைபனி வேண்டுமென்றால் ஃப்ரிட்ஜைத்தான் திறக்க வேண்டும். நம் தமிழ் சேனல்காரர்களாவது யோசித்துச் சொல்வார்கள் என்று பார்த்தால், பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும்போது "சம்மர்ல தக்காளி அள்ளலாம் வாங்க" என்று தம்ப்நெயில் போடுகிறார்கள். பக்கத்திலேயே அவர் முகம், வாயைப் பிளந்தபடி.

குளிர்நாட்டில் வசந்தம் என்றால் வெயில் எட்டிப் பார்க்கிற காலம். எங்கள் ஊர் வசந்தம் வேறு. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கிற புது மண்டபம், வசந்த உற்சவத்துக்கென்று திருமலை நாயக்கர் கட்டியது. உற்சவம் வைகாசியில். மண்டபத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்க வழி வைத்துக் கட்டியிருக்கிறார். சாமிக்கே வெக்கை தாங்காது என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே ஒருத்தருக்குத் தெரிந்திருக்கிறது. விதைப் பாக்கெட் அச்சடிக்கிறவருக்கு இன்னும் தெரியவில்லை.

தக்காளிப் பூ சரியான தொட்டாற்சிணுங்கி. பகலில் 35 டிகிரிக்கு மேல் போய், ராத்திரியும் குளிராமல் 25 டிகிரிக்கு மேலேயே நின்றால் மகரந்தம் கெட்டுப்போகும், பூ காம்போடு கழன்று விழும். செடி என்னவோ பச்சைப்பசேல் என்றுதான் நிற்கும், காய் மட்டும் பிடிக்காது. தப்பித்தவறிப் பிடித்த காயும் அந்தச் சூட்டில் சிவக்காமல் மஞ்சளும் ஆரஞ்சுமாகவே பழுக்கும், ஏனென்றால் சிவப்பு நிறம் உருவாவதே அந்தச் சூட்டில் தடைபடுகிறது. வயலில், பாத்தியில் இருக்கிற செடியாவது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மொட்டை மாடி காங்கிரீட் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணி வரை கக்கிக்கொண்டிருக்கும். அதனால் மாடியில் மார்கழியில் விதைத்துத் தையில் நட்டு, வெயில் ஏறுவதற்குள் பறித்து முடிப்பதுதான் புத்திசாலித்தனம். இல்லையென்றால் ஆடிப்பட்டம் இருக்கவே இருக்கிறது. எங்கள் பால்காரர் பாலை ஊற்றிக்கொண்டே சொல்கிற விஷயம் இது. சொல்லாதவர் ஒருத்தர்தான், பங்குனியில் நாற்று விற்கிறவர். அவருக்குத் தெரியாதா என்ன? பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிகிற சமயம், "லீவுல செடி வளர்க்கலாம்" என்று குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். வருகிற லட்சுமியை "தையில வாங்க" என்று திருப்பி அனுப்ப அவருக்கு என்ன வேண்டுதலா?

சரி, என்ன ரகம் என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று கேட்டேன்.

"நாட்டுத் தக்காளிக்கா."

"நாடுன்னா, பி.கே.எம். ஒண்ணா?"

"ஆமாக்கா, அதேதான்."

"ஹைபிரிட் இல்லையேண்ணே?"

"ஹைபிரிட்தான்க்கா, கொத்துக்கொத்தா காய்க்கும்."

ஒரே மூச்சில் ஒரே செடி நாடு, பி.கே.எம்., ஹைபிரிட் மூன்றுமாக இருந்தது. அடுத்ததாக அது கத்தரியா என்று கேட்டிருந்தால் அதற்கும் "ஆமாக்கா" வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பி.கே.எம். ஒன்று எங்கிருந்தோ வந்ததில்லை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில், அன்னஞ்சி என்கிற அந்தப் பக்கத்து ரகத்திலிருந்தே உருவாக்கியது. மதுரையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் பெரியகுளம் போய்விடலாம். பக்கத்து மாவட்டத்துச் சரக்கு எது என்று அடையாளம் சொல்ல ஒரு நர்சரியில் ஆள் இல்லை. ரகம் தெரிவது சும்மா வீம்புக்கா? நாட்டு ரகமென்றால் நல்ல பழமாகப் பார்த்து விதை எடுத்து வைத்து அடுத்த பட்டத்துக்குப் போடலாம். ஹைபிரிட்டில் எடுத்த விதை தாயைப்போல வராது, எது எதுவோ வரும். எனக்குக் கடைசியில் காய்த்தது தடித்தோலும் புளிப்பே இல்லாத சதையுமாக, பெங்களூர் தக்காளி. போய்க் கேட்டேன். "அப்படியாக்கா? மண்ணு மாறினா காய் மாறும்க்கா." மண் மாறினால் ரகமே மாறிவிடுமாம்! தாவரவியலில் இப்படியொரு புரட்சி நடந்ததை யாரும் எனக்குச் சொல்லவேயில்லை.

ஆன்லைனில் வாங்கு என்கிறீர்களா? வாங்கினேனே. ஊதாத் தக்காளி, கறுப்புத் தக்காளி என்று கண்ணைப் பறிக்கிற படங்கள். வந்து சேர்ந்ததோ ஒரு ஜிப் கவர், உள்ளே பேனாவில் பெயர் எழுதிய துண்டுச் சீட்டு. 1966-லேயே விதைச் சட்டம் வந்திருக்கிறது. முளைப்புத் திறன், தூய்மை, சோதித்த தேதி எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். தக்காளி விதை நூற்றுக்கு எழுபதாவது முளைக்க வேண்டும் என்று தரமும் வகுத்திருக்கிறார்கள். படிக்க அருமையாக இருக்கிறது. மீறினால் என்ன? அந்தச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் ஐந்நூறு ரூபாய் வரை. ஹெல்மெட் இல்லாமல் போனால் நான் கட்ட வேண்டியது இதைவிட அதிகம். அந்த ஜிப் கவரில் முளைத்தது விரல்விட்டு எண்ணுகிற அளவு, அதிலும் ஒன்று சாட்சாத் குப்பைமேனி. புகார் எழுதினேன். "தங்கள் பகுதியின் தட்பவெப்பத்தைப் பொறுத்து முளைப்புத்திறன் மாறுபடலாம்" என்று பதில் வந்தது, கீழே கைகூப்பிய எமோஜியுடன். அதே கைராசிதான், டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

இது தக்காளியோடு நிற்கிற வியாதியா? மிக்ஸி ரிப்பேர் பார்த்த மறுநாள் புகை வந்தால் "உங்க வீட்டு கரன்ட்டு சரியில்ல மேடம்". டியூஷனில் பையன் ஃபெயிலானால் "வீட்டுல கவனிக்கிறதில்லையா?" மாத்திரை கேட்கவில்லை என்றால் "உங்க பாடி கண்டிஷன் அப்படி". தைத்த ரவிக்கை பிடித்தால் "நீங்க கொஞ்சம் பூசின மாதிரி ஆயிட்டீங்க". காசு வாங்கும்வரை சரக்கு அவர்களுடையது, கெட்டுப்போனதும் தப்பு நம்முடையது. "இது என் தப்பு, மாத்தித் தரேன்" என்று ஒரு கடைக்காரர் சொல்லி நீங்கள் கடைசியாகக் கேட்டது எப்போது? யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை, டீ ஆறட்டும்.

மண்புழு உரம் என்று ஒரு மூட்டை விற்கிறார்கள். அதில் மண் இருந்தது, கல் இருந்தது, ஒரு ஷாம்பூ சாஷே இருந்தது. புழு வந்துபோனதற்கான அறிகுறி மட்டும் இல்லை. கோகோபீட் கட்டியை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பை எடுக்க வேண்டும் என்று கவரில் ஒரு வரி போட்டால் இவர்கள் சொத்து கரைந்துவிடுமா? ஏற்கெனவே எங்கள் போர் தண்ணீரே உப்பு. அலசாத கோகோபீட்டில் அதையும் ஊற்றினால் நடுவதற்கு முன்பே ஊறுகாய் தயார்.

வெள்ளை ஈயைப் பற்றிப் பேசாமல் விட்டால் என் மனசு ஆறாது. தக்காளிக்கு இலைச்சுருட்டு வைரஸைக் கொண்டுவருவது இந்தப் பூச்சிதான். நல்ல நர்சரிகளில் பூச்சி நுழையாத வலைக்குள் குழித்தட்டில் நாற்று விடுவார்கள். நம்மவர் கொட்டகையில் நாற்றுக்கட்டை ஒரு உலுக்கு உலுக்கினால் வெள்ளை வெள்ளையாகக் கும்பலே எழுந்து பறக்கிறது. அதாவது வியாதியையும் சேர்த்தே பார்சல் கட்டிக் கொடுக்கிறார், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை, அந்தப் பெருந்தன்மையைச் சொல்ல வேண்டும். கொழுந்து சுருண்டு மஞ்சளாகி நின்ற செடியைப் படம் எடுத்து மாடித்தோட்ட வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். குட்மார்னிங் ரோஜாக்களுக்கு நடுவே வைத்தியம் கொட்டியது. புளித்த மோர், பெருங்காயத் தண்ணி, சாம்பல், பால், முட்டை ஓடு. "செடிகிட்ட பாசிட்டிவா பேசுங்க சிஸ்" என்று ஒருவர். வைரஸ் வந்த செடிக்கு மருந்து கிடையாது, பிடுங்கி மூடிப்போட்டு அடுத்த செடியையாவது காப்பாற்று என்று அத்தனை பேரில் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. சொன்னால் நெகட்டிவ் ஆகிவிடுமே! மஞ்சள் ஒட்டும் அட்டையும் வேப்பெண்ணெயும் வைரஸ் வருமுன் ஈயைக் குறைக்கத்தான், வந்த பிறகு நோயைத் தீர்க்க இல்லை. இதைக் குரூப்பில் எழுதினேன். அட்மின் எனக்கு "அன்பாகப் பேசவும்" என்று அறிவுரை வழங்கினார்.

இவ்வளவையும் மீறித் தை நடவில் சில செடிகள் தேறின. தக்காளிப் பூ தன்னைத்தானே சூல்கொள்ளும், ஆனால் யாராவது உலுக்க வேண்டும். காற்று உலுக்கும், கருவண்டு ரீங்காரம் போட்டு உலுக்கும். எங்கள் தெருவில் வண்டுமில்லை, மூன்று பக்கமும் அடுக்குமாடி எழும்பியதில் காற்றுமில்லை. அதனால் காலையில் காபி டம்ளரோடு போய் நானே பூங்கொத்தை விரலால் சுண்டிவிட்டேன். எதிர்மாடியில் துணி காயப்போடுகிற அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பது தெரியும். பார்த்துவிட்டுப் போகட்டும்.

காய் பிடித்துச் சிவக்கிற நேரத்தில் கீழே இருந்து ஹவுஸ் ஓனர் வந்தார். அவர் வீட்டு பாத்ரூம் சுவரில் ஈரமாம், என் தொட்டிதான் காரணமாம். பாத்ரூம் இருப்பது கிழக்கு மூலை, என் தொட்டிகள் மேற்கு ஓரம், செங்கல் வைத்துத் தூக்கி, அடியில் தட்டும் வைத்தவை. சொன்னேன். "தண்ணி எப்படிம்மா வரும்னு சொல்ல முடியாது, அது சுத்தி வரும்" என்றார். இருபது வருஷமாக மாற்றாத பைப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. "நீங்க வந்தப்புறம்தாம்மா இந்த வீட்டுல ஈரம்." பாருங்கள், இவரிடமும் என் கைராசிதான்!

பேசி முடித்துவிட்டு மாடிப்படியில் நின்றவர் செடிகளை ஒரு நோட்டம் விட்டார். "பழம் நல்லாத்தான் வந்திருக்கு. ஒரு அரைக்கிலோ பறிச்சுக் குடுங்கம்மா, வீட்டுல மருமக வந்திருக்கா, கடையில வாங்கறதெல்லாம் மருந்தடிச்சது."

பறித்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய, அக்ரிமென்ட் வைகாசியோடு முடிகிறது.