நர்சம்மா எழுதும் ஏடு எங்கே போகிறது?

கேள்வி: "மாதம் தவறாமல் நர்சம்மா வந்து குழந்தையின் எடை, தடுப்பூசி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார். அங்கன்வாடியிலும் அதே கேள்விகள்தான். மரவள்ளி பிடுங்குகிற நாளில் வேலையை விட்டுவிட்டு நின்று பதில் சொல்கிறோம். இதையெல்லாம் மேலே இருப்பவர்கள் யாராவது படிக்கிறார்களா?" - வாசகி ஒருவர், ஆத்தூர் வட்டம்.

பதில்: நியாயமான எரிச்சல்தான். எழுதிய ஏடு பரணில் தூங்குவதும் உண்டு. ஆனால், படிக்கப்பட்டதற்கு ஒரு பெரிய சாட்சி சேலம் மண்ணிலேயே இருக்கிறது.

நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997-ல். அதற்கு முந்தைய ஆண்டுகளில் சேலம், தருமபுரி, மதுரை வட்டாரங்களில் பிறந்த சில நாள்களுக்குள் பெண் குழந்தைகள் இறந்துபோவது ஊரறிந்த ரகசியம். காய்ச்சல், மூச்சுத்திணறல் என்று வெளியில் ஏதாவது சொல்வார்கள். 1992-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதாவின் அரசு, 'வேண்டாம் என்றால் கொல்லாதீர்கள், எங்களிடம் கொடுங்கள்' என்று தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் தொடங்கியது. பெற்றவர்களே பிள்ளையைக் கைவிட அரசு வழிகாட்டுவதா என்று அப்போதே கண்டனம் எழுந்தது. அந்தக் கண்டனத்தில் உண்மை இல்லாமல் இல்லை. இன்னொரு குறையும் இருந்தது. எந்த வட்டாரத்தில், எந்த ஊர்களில் இது அதிகம் என்பதைத் தொட்டில் சொல்லாது.

அதைச் சொன்னது நர்சம்மாக்களின் ஏடு. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவுகளில், சிசு மரணத்துக்கான காரணம் எழுதும் இடத்தில் 'சமூகக் காரணம்' என்று ஒரு சொல் இருந்தது. அதற்கு என்ன பொருள் என்று எழுதியவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். எழுதிய செவிலியர் மறுநாளும் அதே தெருவுக்குத்தான் தடுப்பூசி போடப் போக வேண்டும். இருந்தும் எழுதினார்கள்.

1995-ஆம் ஆண்டுக்கான இந்தப் பதிவுகளை மாநிலம் முழுவதும் திரட்டிக் கணக்கிட்டவர்கள் இருவர். ஒருவர் ஷீலா ராணி சுங்கத், ஐ.ஏ.எஸ். அதிகாரி. இன்னொருவர் பொருளாதார அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயா. 1997-ல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் அவர்களுடைய கட்டுரை வந்தது. இந்தச் சாவுகள் மாநிலம் முழுக்கச் சீராகப் பரவியவை அல்ல, ஒன்றையொன்று ஒட்டிய சில மாவட்டங்களில், அவற்றிலும் குறிப்பிட்ட சில ஒன்றியங்களில் குவிந்திருக்கின்றன என்பது அதில் தெரிந்தது. மண் பரிசோதனை செய்யாமல் வயல் முழுக்க ஒரே அளவில் உரம் போடுவதற்கும், குறை உள்ள இடம் பார்த்துப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

ஆராய்ந்தவர்களில் ஒருவரே சுகாதாரத் துறைக்குள் இருந்ததால், கட்டுரை கோட்டைக்குப் போய்ச் சேரக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களுக்குக் கலைக்குழுக்கள் போயின. வீதி நாடகம் போட்டு, பெண் பிள்ளையின் சாவை ஊர் நடுவே வைத்துப் பேசினார்கள். பலர் அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள் என்பார்கள். சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் பிள்ளைகளுக்கு 2001 மக்கள்தொகைக் கணக்கில் 851 பெண் பிள்ளைகள். 2011-ல் அது 916. எல்லாம் அந்த ஒரு கட்டுரையால் என்று சொல்ல முடியாது. ஸ்கேன் பார்த்துக் கருவிலேயே அழிக்கும் கொடுமையும் இடையில் வந்து சேர்ந்தது.

ஆகவே நர்சம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தடுப்பூசி போடாததைப் போட்டதாகச் சொன்னால், உங்கள் ஊரில் குறையே இல்லை என்றுதான் மேலே கணக்குப் போகும்.

அந்த வாசகியைப் போன்றவர்கள் கையோடு பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். குழந்தையின் இருதய அறுவை சிகிச்சையும், காது கேளாத சிறு குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்துவதும் இதில் அடங்கும். ஆனால், குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் ஏறியிருக்க வேண்டும். பிறந்து இரண்டு வருடமாகியும் பெயர் சேர்க்காத வீடுகள் ஏராளம். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் மருத்துவக் குழு இருதயத்தில் ஓட்டை என்று கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, பெயர் சேர்க்க அலைவது பெரும் பாடு. பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததுமே சேர்த்துவிடுங்கள். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாருடன் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதியலாம். சந்தேகத்துக்குக் கட்டணமில்லா எண் 1800 425 3993.

அங்கன்வாடிக்கு எடை மெஷின் வரவில்லை, மருத்துவக் குழு இந்த வருடம் எட்டிப் பார்க்கவில்லை என்றால் கிராம சபையில் கேளுங்கள். இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. வாயால் சொல்லிவிட்டு வராமல், தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.