வெள்ளத் தடுப்பு நிதி: சென்னைக்கு உண்டு, சேலத்துக்கு ஏன் இல்லை?

கனமழை பெய்தால் சூரமங்கலம் பக்கம் தாழ்வான தெருக்களில் எழும் கேள்வி ஒன்றுதான்: மோட்டார் வெச்சு இறைக்கிறதைத் தவிர வேற வழியே இல்லையா? மாநகராட்சி மத்திய அரசிடம் பணம் கேட்கக் கூடாதா?

கேட்கலாம். ஆனால், எந்தப் பணம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வந்த பிறகு தரும் பணம்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலால் ஏற்காட்டில் மழை கொட்டியது. சேர்வராயன் மலையில் இருந்து சேலம் நகருக்குள் ஓடிவரும் திருமணிமுத்தாற்றில் வெள்ளம் பெருகியது. புயல் பாதிப்புக்குத் தமிழகம் உடனடியாகக் கேட்டது 2,000 கோடி ரூபாய். மாநிலப் பேரிடர் நிதிக்கான மத்திய பங்காக 944.80 கோடி வந்தது. 2025 ஏப்ரலில் தேசிய நிதியில் இருந்து 522.34 கோடிக்கு ஒப்புதல் கிடைத்தது. இதெல்லாம் நிவாரணம். அடுத்த மழைக்குத் தண்ணீர் அதே தெருவுக்குத்தான் வரும்.

வராமல் தடுக்கும் பணம்

அதற்கென்றே தனியாகப் பேரிடர் தணிப்பு நிதியைப் பரிந்துரைத்தது 15-வது நிதிக்குழு. 2021-26 காலத்துக்குத் தேசிய அளவில் 13,693 கோடி. அதில் நகர்ப்புற வெள்ளத்துக்கு 2,500 கோடி. அதுவும் 7 பெருநகரங்களுக்கு மட்டும். அப்படித்தான் 2023 டிசம்பரில் சென்னைக்கு 561.29 கோடி ரூபாய் திட்டம் அனுமதிக்கப்பட்டது. மத்திய அரசின் பங்கு 500 கோடி. 2025 அக்டோபரில் பாட்னா, போபால், திருவனந்தபுரம் உள்ளிட்ட 11 நகரங்களுக்கு 2,444.42 கோடி. அந்தப் பட்டியலில் தமிழக நகரம் ஒன்றுகூட இல்லை.

அப்போ சேலத்துக்கு?

மாநிலத் தணிப்பு நிதி இருக்கிறது. நாடு முழுவதற்கும் 32,031 கோடி. தமிழகம் போன்ற மாநிலங்களில் 75 சதவீதம் மத்திய அரசு தருவது. எந்த ஊருக்கு எவ்வளவு என்று முடிவெடுப்பது மாநில அரசு. ஆக, சேலம் தட்ட வேண்டிய கதவு டெல்லியில் இல்லை, சென்னையில் இருக்கிறது.

தட்டுவதற்கு முன் கையில் விரிவான திட்ட அறிக்கை வேண்டும். தெருவுக்கு ஒரு சாக்கடை என்று கணக்குப் போட்டால் போதாது. ஏற்காடு அடிவாரத்தில் தொடங்கி, ஓடைகள், ஏரிகள், ஆக்கிரமிப்புகள் எல்லாவற்றையும் அளந்தாக வேண்டும். திருமணிமுத்தாறு நாமக்கல் மாவட்டம் வழியாகப் போய்த்தான் காவிரியில் சேர்கிறது. சேலத்தில் தண்ணீரை வேகமாக வடியவிட்டுக் கீழே இருக்கும் கிராமங்களை மூழ்கடித்தால் அது தீர்வு ஆகாது. இரண்டு மாவட்டமும் சேர்ந்து ஒரே அறிக்கை தர வேண்டும்.

பட்டியலில் பெயர் இல்லை என்பது நியாயமான குறைதான். ஆனால், தயாரான திட்டம் இல்லாமல் அந்தக் குறையைச் சொல்லிக்கொண்டே இருந்தால், அடுத்த மழைக்கும் மோட்டார்தான். மாமன்றக் கூட்டத்தில் உங்கள் கவுன்சிலர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "அறிக்கை ரெடியா?"